ரீமேப் செய்யும் முன் எந்தக் கருவி வாங்குவது?

கேள்வி: என்னிடம் 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ இருக்கிறது, மேனுவல் கியர். 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கோவையில் ஒரு ட்யூனரிடம் ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகங்களை மாற்றாமல், இன்ஜின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றிப் பவரைக் கூட்டுவது) செய்யலாம் என்று நினைக்கிறேன். ஓடும்போது இன்ஜின் அளவுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாகிங்குக்குச் சில நூறு ரூபாய் ப்ளூடூத் அடாப்டர் போதுமா? இல்லை, லாகிங், ஃபிளாஷிங் இரண்டையும் செய்யும் ஒரே கருவியாக வாங்கிவிடலாமா?

பதில்: ஃபிளாஷ் கருவியை விட்டுவிடுங்கள். இன்ஜினை இயக்கும் கணினியான இசியூவைப் படிப்பது ஒரு வேலை, அதில் புதிய மேப்பை எழுதுவது, அதாவது ஃபிளாஷ் செய்வது, வேறு வேலை. எழுதுவதற்கு எந்தக் கருவி என்பதை ட்யூனர்தான் முடிவு செய்ய வேண்டும். கெஸ்3 மாதிரியான கருவிகளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இரண்டு வகை உண்டு. ஸ்லேவ் ஒரு குறிப்பிட்ட ட்யூனரின் மாஸ்டரோடு பிணைக்கப்பட்டது, ட்யூனரை மாற்றினால் உங்களிடம் சும்மா கிடக்கும். ஒரே ஒரு காருக்காக மாஸ்டர் வாங்குவது, வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கக் கல்யாண அண்டா வாங்குவது போல. உங்கள் பணம் படிக்கும் கருவிக்குப் போகட்டும்.

சரி, அந்த ப்ளூடூத் அடாப்டர்? ஈஎல்எம்327 என்று பெயர் போட்டு மலிவாக வருபவை பெரும்பாலும் நகல் சிப்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் கோட் படிக்கலாம், கூலன்ட் வெப்பம் பார்க்கலாம். ட்யூனிங் என்று வந்தால் இரண்டு இடத்தில் கைவிட்டுவிடும். முதலாவது, வேகம். ஒரு அளவைக் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும். ஆறு அளவுகளைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் வினாடிக்கு ஒரு தடவை வந்தாலே பெரிது. மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து 6,000 வரை ஏற ஏழெட்டு வினாடிதான். நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தவறான நேரத்தில் தானாக வெடிப்பது, அதற்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போயிருக்கும். ஏழெட்டுப் புள்ளிகளில் அது சிக்காது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஓபிடி என்ற தரத்தில் ஆர்பிஎம், டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), உள்ளே போகும் காற்றின் வெப்பம், மேனிஃபோல்டு அழுத்தம் எல்லாம் கிடைக்கும். ஆனால் நாக்கிங் காரணமாக எந்த சிலிண்டரில் எத்தனை டிகிரி டைமிங் பின்வாங்கியது என்ற கணக்கு அதில் இல்லை. அது அந்தந்தக் கம்பெனியின் சொந்த மொழியில் இசியூவுக்குள் இருக்கிறது. ரீமேப் செய்த காரில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

போன வருடம் ஒரு நண்பரின் கார், உங்களுடைய இதே இன்ஜின். ரீமேப் செய்து இரண்டு மாதத்தில் பிக்கப் குறைந்துவிட்டது. பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கசிகிறது, ஹோஸ்களை மாற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் டைனோவில் ஏற்றி, லேப்டாப்பை மாட்டி ஒரே ஒரு ரன் எடுத்தோம். இசியூ கேட்ட பூஸ்டும் உண்மையில் வந்த பூஸ்டும் ஒட்டிக்கொண்டே போயின, ஆக கசிவு இல்லை. 4,300 ஆர்பிஎம் பக்கம் முதல் சிலிண்டரிலும் மூன்றாவதிலும் டைமிங் ஒரு டிகிரிக்குள்தான் பின்வாங்கியிருந்தது. இரண்டாவதில் மட்டும் ஆறு டிகிரி. பெட்ரோலோ வெப்பமோ காரணம் என்றால் மூன்றும் சேர்ந்து விழுந்திருக்கும். இரண்டாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினோம். முனையில் பீங்கானில் முடி போல ஒரு விரிசல். மூன்று பிளக்கையும் மாற்றியதும் சரியானது. ஹோஸ் எதையும் தொடவில்லை.

உங்கள் காருக்கு நான் சொல்வது ராஸ்-டெக் கம்பெனியின் விசிடிஎஸ் என்ற, ஃபோக்ஸ்வாகனின் சொந்த மொழியைப் படிக்கும் லேப்டாப் மென்பொருள், ஹெக்ஸ்-வி2 கேபிளோடு. மூன்று கார்களுக்கு மட்டும் வேலை செய்யும் பதிப்பே போதும். நகல் கேபிள் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். பாதி வேலையில் நின்றுபோனால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. ஓபிடிஇலெவன் என்ற இன்னொரு கருவி ஃபோனில் வசதியாக இருக்கும்தான், ஆனால் லாகிங்குக்கு எனக்கு லேப்டாப்தான் பிடிக்கும். விசிடிஎஸ் லாகை சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கும், எக்ஸெலில் திறந்து பார்க்கலாம், ட்யூனருக்கும் அப்படியே அனுப்பலாம். யுடிஎஸ் (இசியூவோடு பேசும் முறை) கோரிக்கைகளைச் சேர்த்து அனுப்பும் தேர்வை மறக்காமல் டிக் செய்யுங்கள், வேகம் நன்றாகக் கூடும்.

பட்டியலை நீட்டவும் வேண்டாம். ஆர்பிஎம், கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், மூன்று சிலிண்டர்களின் டைமிங் பின்வாங்கல், காற்று வெப்பம், லாம்ப்டா (காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் எண், 1 என்றால் சரியான கலவை), ஃப்யூயல் ரயில் அழுத்தம். அவ்வளவுதான். கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் தனியாக வேண்டாம், உங்கள் காரில் முன்பக்க லாம்ப்டா சென்சாரே வைட்பேண்ட்தான். காற்று-பெட்ரோல் விகிதத்தில் பார்க்காமல் லாம்ப்டாவாகவே பாருங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று) என்பது சரியான கலவை. 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு அது சுமார் 13.5. பழைய 14.7 கணக்கை மனதில் வைத்தால் குழப்பம்தான். லாம்ப்டா 1 என்றால் எந்தப் பெட்ரோலிலும் 1.

ஃபிளாஷ் செய்யும் அன்று ட்யூனர் பேட்டரிக்கு நிலையான பவர் சப்ளை மாட்டுகிறாரா என்று நின்று பாருங்கள். எழுதும்போது வோல்டேஜ் விழுந்தால் இசியூ செத்துப்போகலாம். அப்புறம் இன்ஷூரன்ஸ்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கம்பெனி விவரக்குறிப்பை மீறும் மாற்றங்களுக்குத் தடை போடுகிறது, கிளெய்ம் நேரத்தில் இது கிளம்பலாம். தெரிந்தே இறங்குங்கள்.

முழு த்ராட்டில் ரன்னை ரோட்டில் எடுக்காதீர்கள். மூன்றாவது கியரிலேயே வேகம் நூறைத் தாண்டிவிடும், ஓட்டுபவரின் கண் லேப்டாப் மேல் போகும். டைனோ நல்லது. இல்லையென்றால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உங்களுக்குப் பக்கம்தான். ட்ராக் நாள் பார்த்துப் போங்கள், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆளையும் கூட்டிப் போங்கள்.

ரீமேப்புக்கு முன்பே, ஸ்டாக் (கம்பெனி கொடுத்தபடியே இருக்கும்) நிலையில் மூன்று ரன் எடுத்து வைத்துவிடுங்கள். அதே பங்க், அதே பெட்ரோல். ட்யூனர் 95 ஆக்டேனுக்கு மேப் எழுதப் போகிறார் என்றால் இப்போதே 95-க்கு மாறி, இரண்டு டேங்க் ஓட்டிய பிறகு எடுங்கள். ஸ்டாக்கிலேயே ஒரு சிலிண்டர் மட்டும் மூன்று நான்கு டிகிரி விழுகிறதென்றால் ரீமேப் தேதியைத் தள்ளிப் போட்டு, முதலில் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள். கோப்பின் பெயரில் தேதி, ஆக்டேன், அன்றைய வெயில் எத்தனை டிகிரி என்று மூன்றையும் எழுதி வையுங்கள்.