நூற்றுக்கு நூறு என்று நம்பி சுவீடனில் வீடு எடுக்காதீர்கள், தம்பி

நோர்வேயின் ஒஸ்லோவில் வேலை கிடைத்திருக்கிறது, வாடகை கட்டுப்படியாகாது, அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் சுவீடனின் ஸ்ட்ரோம்ஸ்டாட்டில் வீடு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "இரண்டும் குரோன்தானே அண்ணா, கிட்டத்தட்ட ஒரே பெறுமதிதானே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். வரி, குளிருடுப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவார்கள், ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த "ஒரே பெறுமதி" பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தப் பேச்சால் சொந்தக்காரர்கள் முகம் பார்க்காமல் போனதை நான் கண்டவன்.

ஒரு காலத்தில் உண்மையிலேயே ஒரே பெறுமதியாக இருந்தது. 1873இல் சுவீடனும் டென்மார்க்கும் தங்கத்தை வைத்து ஒரு நாணய ஒன்றியம் அமைத்தன. 1875இல் நோர்வே சேர்ந்தது. ஒருவர் காசு மற்றவர் நாட்டிலும் செல்லும், நூற்றுக்கு நூறு. 1914இல் போர் வந்ததும் அந்த ஏற்பாடு குலைந்தது. இரண்டாம் போருக்குப் பிறகு ஒரு டொலருக்கு 7.14 நோர்வே குரோன், 5.17 சுவீடன் குரோனா என்று 1949இல் கட்டி வைத்தார்கள். கணக்குப் போட்டால் நோர்வேக்காரரின் நூறு, சுவீடனில் 72தான். ஏறக்குறைய இருபது வருடம் அப்படியே இருந்தது. இங்கே என்னோடு வேலை செய்த வயதான நோர்வேஜியர்கள் சுவீடனைப் பணக்கார அண்ணன் வீடு மாதிரிப் பேசுவார்கள், காரணம் அதுதான்.

அப்புறம் நோர்வேக்கு எண்ணெய் வந்தது. சுவீடன் 1981இல் 10 வீதம், 1982இல் 16 வீதம் என்று தன் காசின் மதிப்பைத் தானே குறைத்தது. நோர்வே மேலே ஏறிவிட்டது. சரி, நிலைத்ததா? 1986இல் எண்ணெய் விலை விழ, நோர்வேயும் மதிப்பைக் குறைத்தது. மறுபடி கீழே.

நான் வந்தது அதற்குச் சற்றுப் பின்னால். பின்மார்க்கில், நோர்வேயின் வடக்கு முனையில், மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டும் வேலை. கையுறைக்குள் விரல் மரத்துப்போகும். வெளியே இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. அந்த வேலையோடுதான் மொழி படித்தேன். உணவு இடைவேளையில் பழைய பத்திரிகையை எடுத்து ஒவ்வொரு சொல்லாக வாசிப்பேன். நாணய விலைப் பட்டியல் எனக்குச் சுலபமாக இருந்தது, இலக்கம்தானே. இன்றைக்கும் வணிகப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். முப்பது வருடம் இருந்தும் இந்த நாட்டுப் பத்திரிகையைத் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் கோயில் மண்டபத்தில் பொருளாதாரம் படிப்பிக்கிறார்கள், அது எனக்குப் பொறுக்காது.

1992 தொடக்கத்தில் ஸ்டொக்ஹோமில் இருந்த பெரியப்பாவின் மகன் தங்கச்சியைக் கூப்பிடுவதற்காக என்னிடம் 20,000 நோர்வே குரோன் வாங்கினார். அப்போது நூறு நோர்வே குரோனுக்கு 93, 94 சுவீடன் குரோனா. அவர் கையில் கிடைத்தது 18,700 அளவில். செப்டம்பரில் சுவீடன் மத்திய வங்கி தன் காசைக் காப்பாற்ற வட்டியை 500 வீதத்துக்கு ஏற்றியது, நம்புவீர்களா? அதுவும் உதவவில்லை. நவம்பர் 19இல் குரோனாவை மிதக்க விட்டார்கள், அதாவது விலையைக் கட்டி வைக்காமல் சந்தைப் போக்கில் விட்டார்கள். டிசம்பர் 10இல் நோர்வேயும் விட்டது. அடுத்த வருடம் நூறு நோர்வேக்கு 110 சுவீடன் ஆகிவிட்டது. என் 20,000ஐத் திருப்பித் தர அவருக்கு 22,000 வேண்டும். "வாங்கினது 18,700, அதைத்தான் தருவேன்" என்றார். நான் கொடுத்தது நோர்வே காசு. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஆனால் எந்தக் காசில் கடன் என்று பேசி வைக்கவில்லை. கடைசியில் பெரியம்மா ஊரிலிருந்து கடிதம் எழுதி, வித்தியாசத்தைப் பாதியாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்தோம். ஆனால் அண்ணியும் என் மனைவியும் பழையபடி பேச நெடுங்காலம் எடுத்தது.

அதற்குப் பிறகு நோர்வேக்குப் பொற்காலம். 2002இல் நூற்றுக்கு 120க்கு மேல். சுவீடன் இளைஞர்கள் கூட்டமாக ஒஸ்லோவுக்கு வந்து கோப்பிக் கடையிலும், வாழைப்பழத் தோல் உரிக்கும் வேலையிலும்கூட நின்றார்கள். எல்லையில் உள்ள ஸ்வினெசுண்ட் பாலத்தைத் தாண்டி நோர்வேஜியர்கள் இறைச்சியும் இனிப்பும் அள்ளி வந்தார்கள். நம்மவர்களில் சிலர் அந்தக் காலத்தில் எல்லைக்கு அப்பால் வீடு வாங்கி, "இங்கே உழைத்து அங்கே வாழவேண்டும், அதுதான் மூளை" என்று எங்களுக்குப் புத்தி சொன்னார்கள். 2014இல் எண்ணெய் விலை சரியத் தொடங்கியது. 2015 முடிவில் நூறுக்குக் கீழே. பிறகு ஏறியது. 2020 மார்ச்சில் கொரோனாவும் எண்ணெயும் சேர்ந்து அடித்ததில் 90க்கும் கீழே. 2022இல் மறுபடி 105. 2025இல் மறுபடி 95க்குக் கீழே.

உங்கள் வாடகை 10,000 சுவீடன் குரோனா என்று வையுங்கள். 120 இருந்த காலத்தில் அது 8,300 நோர்வே குரோன். 94இல் 10,600க்கு மேல். சம்பளம் ஏறாமலே வாடகை 2,300 ஏறுகிறது. புதிதாக வந்தவருக்கு அது ஒரு மாதச் சாப்பாட்டுக் காசில் பெரிய பங்கு.

"எண்ணெய் நிதி இருக்குமட்டும் குரோன் விழாது" என்று உங்களுக்கும் யாராவது சொல்லுவார்கள். நோர்வே அரசு எண்ணெய்க் காசைச் சேர்த்து வைக்கும் அந்த நிதி முழுவதும் நோர்வேக்கு வெளியேதான் முதலிடப்படுகிறது, அது இருப்பதால் குரோன் ஏறிவிடாது. உலகத்தில் ஏதாவது பயம் வந்தால் பெரிய முதலீட்டாளர்கள் சின்ன நாணயங்களைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

ஆகவே முதல் ஒன்றிரண்டு வருடம் சம்பளம் வரும் காசிலேயே வாடகை கொடுங்கள். ஒஸ்லோவின் நடுவில் வேண்டாம், மொஸ், ஃபிரெட்ரிக்ஸ்டாட் பக்கம் பாருங்கள், ரயில் இருக்கிறது. சுவீடன் வங்கியில் வீட்டுக்கடன் எடுக்கும் யோசனை இருந்தால் தயவுசெய்து இப்போது வேண்டாம். எல்லைக் கடையில் அட்டை போடும்போது "நோர்வே குரோனில் கட்டுகிறீர்களா" என்று இயந்திரம் கேட்டால் சுவீடன் காசையே தெரிவுசெய்யுங்கள். மற்றதில் அவர்கள் வைக்கும் விலை அநேகமாக உங்கள் வங்கியுடையதைவிட மோசம். குளிருடுப்பை ஊரில் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்கலாம். வரிக்கு வரி அலுவலகத்திடமே எழுத்தில் கேளுங்கள், எங்களைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள்.