கேள்வி – பதில்: எஞ்சின் சட்டம் உதறுவது ஏன்?

கேள்வி: என் ஃபைபர் படகில் எஞ்சின் உட்காரும் சட்டம் 1,500 சுற்றில் மட்டும் உதறுகிறது. முன்பு இப்படி இல்லை. வெளியே கீறல் கிடையாது. எஞ்சினுக்கு அடியில் உள்ள ரப்பரை மாற்றியும் நிற்கவில்லை. மேலே இரண்டு மேட் (கண்ணாடியிழை விரிப்பு) ஒட்டினால் போதுமா?
– தொண்டி வாசகர்

பதில்: ஒட்டாதீர்கள், முதலில் தட்டிப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் இரண்டு விரல் இடைவெளியில் சட்டம் நெடுகத் தட்டுங்கள். 'டங்'கென்று கேட்ட சத்தம் 'டொப்'பென்று மாறும் இடத்தில் உள்ளே ஃபைபர் அடுக்குகள் ஒட்டு விட்டுப் பிரிந்திருக்கும். அதன் விளிம்பைச் சாக்பீஸால் வரைந்து வையுங்கள்.

நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் விநாடிக்கு 25 உதறல். நல்ல சட்டத்தின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக விநாடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது) அதைவிட மேலே இருந்திருக்கும். அடுக்கு பிரிந்தால் வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், விறைப்பு குறையும், அதிர்வெண் இறங்கி எஞ்சின் வேகத்தோடு வந்து ஒட்டிக்கொள்ளும்; இரண்டும் ஒன்றானால் உதறல் பெருகும். சரிபாதித் தடிமனில் முழு நீளத்துக்கும் பிரிந்தால் விறைப்பு கால்பங்காகும், அதிர்வெண் பாதியாகும். இரு முனையும் ஒட்டியிருந்து நடுவில் மட்டும் பிரிந்திருந்தால் இவ்வளவு இறங்காது. போல்ட் துளை வழியே உப்புத்தண்ணீர் புகுந்திருந்தால் அந்த எடையும் சேர்ந்து இழுக்கும். உள்ளே மரம் வைத்த சட்டத்தில் இது சகஜம்.

மேலே மேட் ஒட்டினாலும் நடுவில் வழுக்குவது நிற்காது. பிரிந்த பகுதியின் ஓரங்களில் 4 மி.மீ. துளையிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, எப்பாக்ஸிப் பசையை ஊசிக்குழலால் ஒரு துளையில் ஏற்றுங்கள். மறு துளையில் வழிந்ததும் பலகை வைத்து கிளாம்ப் போடுங்கள். பழைய ஃபைபரில் பாலியெஸ்டர் ரெசினைவிட எப்பாக்ஸி நன்றாகப் பிடிக்கும். ஈரம் இருந்தால் எதுவும் பிடிக்காது. மரம் ஊறி மெத்தென்று ஆகியிருந்தால் இப்படி ஊசியால் பசை ஏற்றுவது வீண். வெட்டி எடுத்து மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: இரு முனையும் தாங்கிய கண்ணாடியிழைப் பட்டையின் நடுநீளத்தில், அடுக்குப் பிரிவைப் போலச் செய்ய, அடுக்குகளுக்கிடையே ஒட்டாத டெஃப்லான் தாள் வைத்தேன். முதல் அதிர்வெண் மாறவேயில்லையே?
– மண்டபம் மாணவர்

பதில்: மாறாதுதான். முதல் பாங்கில் (பட்டை முழுதும் ஒரே வளைவாக அதிரும் விதம்) நடுநீளத்தில் வெட்டுவிசை, அதாவது அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தள்ளும் விசை, பூஜ்யம். அங்கே அடுக்குகள் வழுக்கக் காரணமில்லை. தாளைத் தாங்கிக்கு அருகே நகர்த்துங்கள், அல்லது இரண்டாம் பாங்கைப் (இரு பாதிகளும் எதிரெதிராக வளையும் விதம்) பாருங்கள்; அதில் நடுவிலும் வெட்டுவிசை உச்சம். தாள் தடிமனின் மத்தியில் இருக்கட்டும். மேற்பரப்பை ஒட்டி வைத்தால் அதிர்வெண் இறக்கம் சொற்பம்; மெல்லிய தோல் மட்டும் தனியே படபடக்கும்.