குழுக் கடன்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் சில வருடம் வசூலுக்குப் போனவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: இந்தக் கடன் முறையைப் பரப்பிய பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் எவ்வளவு பணத்தில் தொடங்கினார்?

1976-ல் வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தமே 27 டாலர், அதுவும் கைக்காசு. அங்கே முக்காலி பின்னும் ஒரு பெண், வியாபாரியிடம் கடனுக்கு மூங்கில் வாங்குவார்; பின்னியதை அந்த வியாபாரியிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். அந்தப் பிடியிலிருந்து விடுபடத்தான் இந்தப் பணம். பிறகுதான் 1983-ல் ஏழைகளுக்குக் கடன் கொடுக்கும் கிராமீன் வங்கி, 2006-ல் நோபல் எல்லாம்.

கேள்வி: பத்து சதவீத வட்டிதான் என்கிறார்கள். நம்பலாமா அண்ணா?

எந்தக் கணக்கில் பத்து என்று கேளுங்கம்மா. 10,000 வாங்கி வாரம் 220 வீதம் 50 வாரம் கட்டினால் 11,000. பத்து மாதிரிதான் தெரியும். ஆனால் 25-ஆவது வாரம் அசலில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். வட்டி மட்டும் முழு 10,000-க்கே ஓடும். குறையும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 20. காப்பீடு, கட்டணம் என்று முதலிலேயே பிடித்தால் இன்னும் ஏறும்.

கேள்வி: ஏன் பெண்களுக்கே கொடுக்கிறார்கள்?

பணம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போகும் என்பார்கள். பெரும்பாலும் உண்மை. சொல்லாத காரணம், பெண்கள் மானத்துக்குப் பயந்து கட்டிவிடுவார்கள். கையெழுத்து மனைவியுடையது, கடன் பணம் போவது கணவர் கைக்கு என்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒருவர் கட்டாவிட்டால்?

ஐந்து பேர் ஒரு குழு; ஒருவர் கடனுக்கு மற்றவர்கள்தான் பொறுப்பு. வசூல் நாளில் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருப்பார்கள், பாஸ்புக்குக்குள் நோட்டை மடித்து வைத்தபடி. ஒருவர் வரவில்லை என்றால் யாரும் எழுந்து போக முடியாது. கடைசியில் மற்ற நான்கு பேர் முணுமுணுத்துக்கொண்டே போட்டுக் கட்டுவார்கள். நான் 'முழு வசூல்' என்று எழுதிவிட்டு வண்டியை எடுப்பேன். நிறுவனத்துக்குப் பணம் தரும் நன்கொடையாளர்கள் பார்ப்பது அந்த எழுத்தை மட்டும்தான்.

கேள்வி: இதனால் வறுமை தீருமா?

இந்த மாதிரிச் சிறுகடன் பற்றி ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-ல் சேர்ந்து வெளிவந்தன. சில இடங்களில் தொழில் கொஞ்சம் பெருகியது; வாழ்க்கை தலைகீழாக மாறிவிடவில்லை. கையில் காசில்லாத மாதத்தைச் சமாளிக்க உதவும், அவ்வளவே.

கேள்வி: நானே இப்படி ஒன்று தொடங்கப் போகிறேன். எதைக் கவனிக்கணும்?

தவணையைத்தான், தம்பி. பால் விற்பவருக்கு வாரத் தவணை சரி. ஆடு வாங்கியவரிடம் அடுத்த வாரமே கை நீட்டினால்? ஆடு குட்டி போட ஐந்து மாதம் ஆகும். அதுவரை அவர் வேறொரு நிறுவனத்தில் கடன் வாங்கித்தான் உங்களுக்குக் கட்டுவார்.