வனவிலங்கு மறுவாழ்வு மையத்தில் இன்டர்ன்ஷிப் போனால் என்ன வேலை தருவார்கள்? குட்டிகளோடு பழக முடியுமா?

பழகக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். மனிதரிடம் ஒட்டிக்கொண்ட குட்டி காட்டில் பிழைப்பது கடினம். அதனால் பால் புகட்டும் பொறுப்பு ஓரிரு பராமரிப்பாளர்களிடம்தான் இருக்கும். புதிதாக வந்தவர் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

அசாமில் காசிரங்கா பூங்காவை ஒட்டி ஒரு மையம் 2002 முதல் இயங்குகிறது. பிரம்மபுத்திராவில் வெள்ளம் வந்தால் தாயைப் பிரிந்த காண்டாமிருகக் கன்றுகள், மான் குட்டிகள் எல்லாம் அங்கே வந்து சேரும். அப்படி வளர்ந்த காண்டாமிருகங்களை மானஸ் தேசியப் பூங்காவில் விட்டிருக்கிறார்கள். ஒரு கன்றைத் தேற்றி விடுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். ஓரிரு மாதம் போகிறவர் அதில் ஒரு துண்டைத்தான் பார்ப்பார்.

சரி, உங்கள் வேலை? கூண்டு கழுவுவது, தீவனம் வெட்டுவது, எடை குறிப்பது, பால் பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுப்பது. அலுப்பாகத் தெரியும். ஆனால் உயிர் பிழைப்பதே இந்தச் சுத்தத்தில்தான் இருக்கிறது. அனாதைக் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தாங்காது. காயம்பட்ட பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

மருத்துவ சிகிச்சையில் கைவைக்க விரும்பினால் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருக்க வேண்டும். விலங்கியல் மாணவர்களுக்கு நடத்தைக் கண்காணிப்பு, பதிவேடு போன்ற வேலைகள் பொருந்தும். கிளம்பும் முன் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், குட்டியோடு செல்ஃபி எடுக்கவிடும் மையமா? அங்கே போகாதீர்கள்.