டி.சி.யில் 'காட்டு' சேர்க்கலாமா?

கேள்வி: நீலகிரியில் முதுமலை ஓரம் எங்கள் ஊர். நாங்கள் காட்டுநாயக்கர்கள். குரூப் 4 தேர்வில் தேறியிருக்கிறேன். பழங்குடிச் சான்று கேட்டுப் போனால், 'தேன் எடுக்கத் தெரியுமா, உங்க பாட்டு ஒண்ணு பாடு' என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். கடைசியில் அப்பாவின் டி.சி.யில் 'இந்து நாயக்கன்' என்று இருப்பதாகச் சொல்லி மனுவை நிராகரித்துவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் டி.சி.யைத் திருத்தித் தருவதாகச் சொல்கிறார். தெப்பக்காடு யானை முகாமில் காவடியாக (பாகனுக்கு உதவியாளராக) இருந்த தாத்தாவின் பேத்திக்கு இந்த நிலை! அதிகாரிமேல் வன்கொடுமை வழக்குப் போடலாமா?

பதில்: உங்களைப் பாடச் சொன்னது தவறு. ஆனால் அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வன்கொடுமை வழக்கில் முதல் கேள்வியே நீங்கள் பழங்குடியா என்பதுதான். சான்று இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது.

பாட்டும் பழக்கவழக்கமும் முடிவான சோதனை அல்ல என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய ஆவணத்துக்குத்தான் மதிப்பு அதிகம். எனவே அப்பா வழியில் 'காட்டுநாயக்கன்' என்று எழுதிய பழைய அரசுத் தாள் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டிய ஒரே வரி தாத்தாவைப் பற்றியது. வனத்துறையில் அவருடைய பணிப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சித்தப்பா, அத்தை யாருக்காவது கோட்டாட்சியர் விசாரித்துக் கொடுத்த சான்று இருந்தால் அதுவும் வேண்டும்.

டி.சி.யைத் தொடவே கூடாது. என்னிடம் வந்த ஒருவருக்கு ஓய்வுபெற 2 வருடம் இருந்தபோது சரிபார்ப்பு விசாரணை வந்தது. பள்ளிக்கே போய் அசல் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். சாதியை எழுதிய அந்த ஒரு சொல்லில் மட்டும் மை வேறு, கையெழுத்து வேறு. அவர் உண்மையான பழங்குடிதான். ஒரு தாளில் கை வைத்ததால் மற்ற தாள்களையும் யாரும் நம்பவில்லை. பொய்ச் சான்றில் கிடைத்த வேலைக்கு, எத்தனை வருடம் உழைத்திருந்தாலும், பாதுகாப்பு இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு. கடுமைக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இருப்பதே 1 சதவீத ஒதுக்கீடு, அதில் திருடப்படும் ஒவ்வொரு இடமும் உங்களைப் போன்றவர்களுடையது.

இன்னொன்று. 'நாயக்கன் என்றாலும் காட்டுநாயக்கன் என்றாலும் ஒன்றுதான்' என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். பல வக்கீல்களே எழுதிக் கெடுக்கிற வரி இது. அரசியல் சாசனத்தின் 342ஆம் பிரிவின்படி வந்த பழங்குடிப் பட்டியலை அதில் உள்ளபடியேதான் படிக்க வேண்டும், ஒத்த பெயர் என்று விசாரித்துச் சேர்க்க யாருக்கும் அதிகாரமில்லை என்று 2000இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே முடித்துவிட்டது. 'நாயக்கன் என்று பதிந்தது பிழை, நாங்கள் காட்டுநாயக்கர்கள், இதோ ஆதாரம்' என்றுதான் எழுத வேண்டும்.

இப்போது வழக்கு வேண்டாம். நிராகரிப்பை எழுத்தில் வாங்கி, தாள்களைச் சேர்த்து, ஊருக்கே வந்து விசாரிக்கும்படி மறுமனு கொடுங்கள். மறுபடியும் சரியான காரணமின்றி மறுத்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட். அதற்குள் இந்தக் குரூப் 4 கைநழுவினால் நழுவட்டும். அப்புறம், டி.சி.யைத் திருத்துகிறேன் என்றவரிடம் அசல் எதையாவது கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.