ஹரிக்கேனுக்குத் தாடை உண்டா?

வணக்கம் ஐயா,

முகநூலில் ஒரு பிரித்தானியப் போர் விமானத்தின் படம் சுற்றுகிறது. ‘1942 ஏப்ரல் 5, கொழும்பு ரேஸ்கோர்ஸில் ஹரிக்கேன்’ என்று போட்டிருக்கிறார்கள். கலர் படம், நேற்று எடுத்தது போலத் துல்லியம். இணைத்திருக்கிறேன். நம்பலாமா? இப்படியான பழைய போர் விமானப் படங்களைப் பெரிய அளவில் எங்கே பார்க்கலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் பொம்மர் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடி வளர்ந்தவன். இப்போது வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இரவிரவாக இந்தப் படங்களைப் பார்க்கிறேன். “பட்டது போதாதா உங்களுக்கு?” என்று மனைவி கேட்கிறா. பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்ப வேண்டாம்.

வால் பக்கத்தைப் பாருங்கள். வரிசை வரிசையாக ரிவெட், அதாவது உலோகத் தகடுகளை இணைக்கும் ஆணி, அடித்திருக்கிறது. ஹரிக்கேனின் பின்னுடல் துணி போர்த்தியது, அங்கே ரிவெட்டுக்கு வேலையே இல்லை. யாரோ ஒரு சின்னப் படத்தைச் செயலியிடம் கொடுத்துத் ‘தெளிவாக்கு’ என்றிருக்கிறார்கள். அது தனக்குத் தெரிந்த விமானத்தை வரைந்து கொடுத்துவிட்டது. பக்கவாட்டில் இருக்கும் எழுத்தும் எந்த மொழி எழுத்தும் இல்லை.

அடுத்தது மூக்கு. வெப்பமும் புழுதியும் உள்ள நாடுகளுக்கு அனுப்பிய ஹரிக்கேன்களுக்கு மூக்கின் கீழே தாடை போல ஒரு பெரிய காற்று வடிகட்டி பொருத்தியிருப்பார்கள். உங்கள் படத்தில் தாடை இல்லை. அப்புறம் இறக்கையில் இருக்கும் வட்டச் சின்னம். நடுவில் சிவப்பு இல்லாமல் நீலமும் வெள்ளையுமாக இருக்கிறது. ஜப்பானியரின் சிவப்புச் சூரியனோடு குழம்பிச் சொந்த ஆட்களே சுட்டுவிடக்கூடாது என்று கிழக்கில் பிரித்தானியர் அந்தச் சிவப்பை எடுத்தது உண்மைதான். ஆனால் அது 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியதற்குப் பிறகு நடந்தது. அமெரிக்க விமானங்களில் இந்தக் கணக்கு இன்னும் சுலபம். வெள்ளை நட்சத்திரத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தால் படம் பெரும்பாலும் 1942 மே மாதத்துக்கு முந்தியது. நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டையும் சுற்றிவர சிவப்பு விளிம்பும் இருந்தால் 1943 நடுப்பகுதி. அந்த விளிம்பு அதே ஆண்டிலேயே நீலமாகிவிட்டது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிற்காலத்தில் வர்ணம் பூசுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அக்காலப் பிலிம்களில் ஒரு வகைக்குச் சிவப்பு உறைக்காது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சளும் இருண்டு போகும், நீலம் வெளுத்துவிடும். இதை அறியாமல் பூசினால் சின்னமே மாறிவிடும்.

ரேஸ்கோர்ஸ் என்றால் சரிபார்க்க இன்னொரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த உயிர்த்த ஞாயிறு காலையில், ஜப்பானிய விமானி அதிகாரி புச்சிடா நடத்திவந்த ஏறத்தாழ 125 விமானங்களை எதிர்த்து இரத்மலானையிலிருந்து 30ஆம் படைப்பிரிவும் இந்தக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 258ஆம் படைப்பிரிவும் ஹரிக்கேன்களில் எழும்பின. திடலின் பார்வையாளர் மாடம் இன்று கடைத்தொகுதி. உங்கள் வீட்டிலிருந்து முச்சக்கர வண்டிக்குப் பெரிய காசு ஆகாது. படத்தின் பின்னணியில் தெரியும் கூரையை நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கே பார்ப்பது? லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் தளத்தில் இலங்கைப் படங்களும் இருக்கின்றன, ஆனால் அங்கே சிறிதாகத்தான் காட்டுவார்கள். 1957 ஜூனுக்கு முன் எடுத்த பிரித்தானிய அரசுப் படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டதால் அவற்றில் நிறைய விக்கிமீடியாவில் கிடைக்கும். உண்மையான கலர் வேண்டுமென்றால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போங்கள். போர்க்காலத் தகவல் அலுவலகத்துக்காக ஆல்பிரட் பாமர் விமானத் தொழிற்சாலைகளில் கோடக்குரோம் என்ற கலர் பிலிமில் எடுத்த படங்கள் அங்கே இலவசம். 4க்கு 5 அங்குலப் பிலிம் அது. நாம் பாவித்த 35 மில்லிமீற்றர் பிலிமைப் போல ஏறத்தாழ 15 மடங்கு பரப்பு. சில டிஃப் (TIFF) படக் கோப்புகள் 100 எம்பியைத் தாண்டும், ஆகவே போன் டேட்டாவில் இறக்காதீர்கள்.

1943 பெப்ரவரியில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் அவர் எடுத்த ஒரு படம். வல்டி விமானத் தொழிற்சாலையில் ஒரு பெண் கையில் துளைக்கருவியோடு வெஞ்சன்ஸ் குண்டுவிமானத்தில் வேலை செய்கிறார். பிரித்தானிய, இந்தியப் படைப்பிரிவுகள் சில பர்மாவில் இதே ரகத்தில் பறந்தன. முழு அளவில் திறந்து முதலில் அவருடைய விரல்களைப் பாருங்கள், பிறகு உலோகத்துக்கு வாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இவை பிரசாரப் படங்கள், கலியாணப் படம் போல ஒளி வைத்து, ஆளை நிறுத்தி எடுத்தவை. வேலைத்தலத்தின் களைப்பு அதில் அவ்வளவாக இராது.

பெரிய படத்தின் லாபம் விமானத்தில் இல்லை என்பது என் எண்ணம். ரகத்தை அறிய சின்னப் படமே போதும். எடுத்தவர் கவனிக்காத ஓரங்களுக்குத்தான் பெரிய படம் வேண்டும். புல்லில் கிடக்கும் வாளி, நிழலில் குந்தியிருக்கும் ஆள், சாரத்தை மடித்துக் கட்டி இறக்கையைத் தள்ளும் கூலியாள். படக்குறிப்பில் விமானத்தின் ரகம் இருக்கும், படைப்பிரிவு இருக்கும், சில வேளை விமானியின் பெயரும் இருக்கும். தள்ளுகிறவருடைய பெயரைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

மனைவியின் கேள்விக்கு வருகிறேன். பங்கருக்குள் இருந்த எவருக்கும் விமானம் என்றால் சத்தம்தான். நின்று உருவத்தைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? அதை இப்போது ஆறுதலாகப் பார்க்கத் தோன்றுவதில் பிழை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வடிவு என்றால் வடிவு என்றே சொல்லுங்கள். ஆனால் காப்பகங்களில் இருப்பவற்றில் மிகப் பெரும்பகுதி விமானத்தின் சொந்தக்காரர் எடுத்த படங்கள். கீழே இருந்தவர்களிடம் கமரா இருக்கவில்லை. கொழும்புத் தாக்குதலில் அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. படைப்பிரிவு எண்ணை வைத்துத் தேடினால் அது அகப்படாது, ஊர்ப் பெயரை வைத்துத் தேடிப் பாருங்கள்.

முகநூலில் படத்தைப் போட்டவரிடம் காப்பக எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. வந்தால் எனக்கும் அனுப்புங்கள், மூலப் படத்தில் தாடை இருக்கிறதா என்று பார்க்க ஆசை.