பயன்படுத்தாத கிரெடிட் கார்டும் சிபில் மதிப்பெண்ணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோத்தகிரி அருகே ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறோம், வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். என்னிடம் இரண்டு கிரெடிட் கார்டுகள் உள்ளன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய முதல் கார்டின் வரம்பு 1,50,000 ரூபாய். அதைத் தொட்டு ஓராண்டு ஆகப் போகிறது. இரண்டாவதன் வரம்பு 50,000 ரூபாய். ஏப்ரல், மே சீசனில் மளிகை, படுக்கை விரிப்பு, தோட்டத்துக்கு உரம் என மாதம் 40,000 ரூபாய் வரை அதில் செலவாகும். கெடு தேதிக்குள் முழுவதையும் கட்டிவிடுவேன். பழைய கார்டு சும்மா கிடப்பதால் சிபில் மதிப்பெண் குறையுமா? அதை மூடிவிடலாமா? அடுத்த ஆண்டு மேலும் இரண்டு அறைகள் கட்ட வங்கியில் கடன் கேட்க எண்ணியிருக்கிறேன்.
(வாசகி, கோத்தகிரி)

பதில்: கார்டு சும்மா கிடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மதிப்பெண் குறைவதில்லை. நீங்கள் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும், 300 முதல் 900 வரையிலான அந்த எண், உங்கள் பெயரில் உள்ள ஒவ்வொரு கடன், கார்டு கணக்கிலும் வரம்பு எவ்வளவு, நிலுவை எவ்வளவு, தவணை கெடுவுக்குள் வந்ததா, கணக்கு எத்தனை ஆண்டுப் பழையது என்று வங்கிகள் அனுப்பும் விவரங்களிலிருந்து கணக்கிடப்படுகிறது. பயன்படுத்தாத கார்டின் நிலுவை பூஜ்யம். அதில் தவறு என்று குறிக்க எதுவும் இல்லை.

ஆபத்து வேறொரு வழியில் வருகிறது. ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, வாடிக்கையாளருக்கு அறிவித்த பின் மூடும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நிலுவை இல்லாத கணக்கு மூடப்படும். அந்த அறிவிப்பு பெரும்பாலும் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோதான் வருகிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கொடுத்த கைபேசி எண் இன்றும் உங்களிடம் இருக்கிறதா என்பதை இந்த வாரமே சரிபாருங்கள்.

கார்டு மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் கணக்கிலேயே பார்ப்போம். இப்போது இரண்டு கார்டுகளின் மொத்த வரம்பு 2,00,000 ரூபாய். மே மாத பில் 40,000 ரூபாய் என்றால் வரம்பில் 20 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள். பழைய கார்டு போய்விட்டால் மொத்த வரம்பு 50,000 ரூபாயாகச் சுருங்கி, அதே 40,000 ரூபாய் செலவு 80 சதவீதமாகத் தெரியும். நீங்கள் ஒரு ரூபாய்கூட அதிகமாகச் செலவழிக்கவில்லை. ஆனால் கடன் கொடுப்பவர் பார்வையில் கழுத்துவரை கடன்பட்டவராகிவிடுகிறீர்கள். 30 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சட்டமன்று, ஆனால் நம்பிப் பின்பற்றத்தக்க அளவுகோல்.

முழுவதையும் கட்டிவிடும்போது சதவீதம் எப்படி ஏறும் என்று நீங்கள் கேட்கலாம். வங்கி அனுப்பும் விவரத்தில் பெரும்பாலும் இடம்பெறுவது பில் போடும் நாளில் இருந்த நிலுவை; கெடு தேதியோ அதற்குப் பல நாட்கள் கழித்து வருகிறது. ஆகவே கெடுவுக்குள் கட்டுவது உங்கள் நாணயத்தைக் காட்டும். பில் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டுவது பதிவாகும் நிலுவையையும் குறைக்கும். சீசனில் அறை வாடகை கைக்கு வந்தவுடன் பாதியைக் கட்டிவிடுங்கள். கடன் விண்ணப்பத்தையும் மே மாத பில் பதிவாகியிருக்கும் வேளையில் கொடுக்காமல், சீசன் செலவு முழுவதும் கட்டித் தீர்ந்து அடுத்த பில்லும் வந்த பிறகு கொடுங்கள்.

இதைவிட எளிய வழியும் இருக்கிறது. சீசன் செலவில் 30,000 ரூபாயைப் பழைய கார்டிலும் 10,000 ரூபாயைப் புதிய கார்டிலும் போட்டால், இரண்டிலும் 20 சதவீதமே நிற்கும். பழைய கார்டும் உயிரோடிருக்கும். மற்ற மாதங்களில் மின்கட்டணம், கைபேசி ரீசார்ஜ் போன்ற சிறு செலவு ஒன்று போதும். ஊர்க் கடையில் கார்டு தேய்க்கும் கருவி இல்லையே என்றால், உங்களுடையது ரூபே கிரெடிட் கார்டாக இருக்கும் பட்சத்தில் அதை யுபிஐ-யுடன் இணைத்து, வணிகர்களின் க்யூஆர் பலகையில் செலுத்தலாம்.

ஆண்டுக் கட்டணத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். வங்கியின் கடன் பிரிவில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் மிகவும் மனம் வருந்தியது இத்தகைய விண்ணப்பங்களைப் பார்த்துத்தான்: தொடாத கார்டில் 500 ரூபாய் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 590 ரூபாய் பில்லாகி, பில் பழைய முகவரிக்குப் போய், தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறி, ஒரு கடனையும் தவறவிடாத மனிதரின் பெயரில் 'தவணை தவறியவர்' என்ற பதிவு நின்றிருக்கும். எனவே உங்கள் பழைய கார்டுக்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தரக் கோருங்கள். மாற்ற மறுத்தாலும், கட்டடக் கடன் கைக்கு வரும்வரை கட்டணத்தைக் கட்டி வைத்திருப்பதே மேல் என்பது என் கருத்து. அதன் பின் மூட விரும்பினால் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். நிலுவை இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.

கேள்வி: பசுந்தேயிலை விலை சரிந்த மாதங்களில் பில்லில் உள்ள குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். மதிப்பெண் தப்புமா?
(வாசகர், கூடலூர்)

பதில்: கெடுவுக்குள் கட்டும்வரை தவணை தவறியதாகப் பதிவாகாது. ஆனால் மீதித் தொகை நிலுவையாக நின்று வரம்பைத் தின்றுகொண்டிருக்கும். பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. ஓரிரு மாதம் சமாளிக்கலாம். அதற்கு மேல் நீண்டால், கூட்டுறவு வங்கியின் நகைக்கடனை வாங்கிக் கார்டு நிலுவையை அடைப்பது பெரும்பாலும் மிகக் குறைந்த வட்டியில் முடியும்.

கேள்வி: என் மதிப்பெண்ணை நானே அடிக்கடி பார்த்தால் குறையும் என்கிறார்களே?
(வாசகர், குன்னூர்)

பதில்: குறையாது. நீங்கள் கடன் கேட்டு, வங்கி பார்க்கும்போதுதான் அது விசாரணையாகப் பதிவாகிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய, கடன் விவரங்களைத் திரட்டி மதிப்பெண் தரும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு கணக்கின் வரிசையையும் படியுங்கள். மூடிய கார்டு மூடியதாகவே காட்டப்படுகிறதா என்று முதலில் பாருங்கள்.